முதலும் பொலிசையும்: சிறு சங்கங்களின் சேமநிதி குறித்து

மொழிச் சங்கங்களின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் மிகக் குறைந்த நேரம் பெறுவது கணக்கறிக்கை. பொருளாளர் எழுந்து வரவு இவ்வளவு, செலவு இவ்வளவு, வங்கியில் இருப்பு இவ்வளவு என்று படிப்பார். ஒருவர் முன்மொழிவார், மற்றொருவர் வழிமொழிவார், அறிக்கை ஏற்கப்படும். அடுத்தது தேநீர். வங்கியிருப்பு என்று படிக்கப்பட்ட அந்த ஓர் எண்ணுக்குள் என்னென்ன அடங்கியுள்ளன என்று வினவுவோர் அரியர். பினாங்குத் தீவிலும் பெருநிலத்துப் பிறையிலும் உள்ள நம் சங்கங்கள், படிப்பகங்கள், முன்னாள் மாணவர் மன்றங்கள் ஆகியவற்றுள் எது நிலைக்கும், எது கலையும் என்பது பெரும்பாலும் அவ்வினாவைப் பொறுத்தே அமைகின்றது என்பது நம் கருத்து. கணக்கைப் பற்றிப் பேச மொழியியலாருக்கு என்ன உரிமை என்று கேட்கலாம். சிக்கலில் பாதி சொற்பொருள் பற்றியது. அந்தப் பாதியைப் பற்றி மட்டும் பேசத் துணிகின்றோம்.

‘முதல்’ என்னும் சொல்லிலிருந்து தொடங்குவோம். தொடக்கம், வேர், காரணம் என்னும் பொருள்களையுடைய இத்தனித்தமிழ்ச் சொல், எதிலிருந்து வருவாய் பிறக்கின்றதோ அந்தப் பணத்தையும் குறித்தது. முதலை ஆள்பவர் முதலாளி. கடல் கடந்த வணிகத்தோடு இச்சொல்லும் கடல் கடந்தது. மலாய் மொழியில் இன்று மூலதனத்தைக் குறிக்கும் ‘மொடால்’ நம் ‘முதல்’ என்பதன் திரிபே. ‘கடை’ என்பது ‘கெடாய்’ ஆனதையும், ‘கப்பல்’ என்பது ‘காப்பால்’ ஆனதையும் அறிந்தோர்க்கு இது வியப்பன்று. இந்நாட்டு வங்கிப் படிவம் ஒன்றில் ‘மொடால்’ என்று எழுதியிருப்பதை நிரப்பும் தமிழர், தம் முன்னோர் சொல்லுக்கு எதிரேதான் எண்ணை எழுதுகின்றார்.

முதலுக்கு இணையான மற்றொரு சொல்லை நாம் இழந்துவிட்டோம். சோழர் காலக் கல்வெட்டுகள் முதலிலிருந்து விளையும் பயனைப் ‘பொலிசை’ என்றும் ‘பலிசை’ என்றும் குறிக்கின்றன. பொலிதல் என்றால் பெருகுதல், செழித்தல். களத்தில் தூற்றிய நெல்லின் குவியலும் பொலியே. களத்து உழவர் எழுப்பும் ஒலியும் பொலியே. ஆகவே பொலிசை என்பது விளைச்சலோடு ஒட்டிப் பிறந்த சொல். விதைநெல் வேறு, விளைந்த நெல் வேறு என்னும் உழவர் அறிவு அதனுள் பதிந்துள்ளது. இன்று நாம் வழங்கும் ‘வட்டி’ என்னும் சொல்லில் அவ்வுருவகம் கேட்பதில்லை. கடன் வாங்கியவனின் துன்பமே அச்சொல்லில் முந்தி ஒலிக்கின்றது.

இவ்விரு சொற்களையும் நம் முன்னோர் எவ்வளவு கறாராக ஆண்டனர் என்பதற்குத் தஞ்சைப் பெரிய கோயிலே சான்று. 1010-ஆம் ஆண்டில் இராசராசன் நிறைவு செய்த அக்கோயிலின் பொருள் பல ஊர்ச்சபைகளுக்குக் கடனாகத் தரப்பட்டது. காசு ஒன்றுக்கு ஆண்டுக்கு அரைக்கால் காசு பொலிசை. அரைக்கால் என்பது காலில் பாதி, அஃதாவது எட்டில் ஒரு பங்கு. இன்றைய கணக்கில் 12.5 விழுக்காடு. எந்த ஊர் எவ்வளவு முதல் பெற்றது, பொலிசையாக எதைச் செலுத்தும், அப்பொலிசை எச்செலவுக்கு உரியது என்பனவெல்லாம் தனித்தனியே கல்லில் வெட்டப்பட்டன. சந்திரனும் சூரியனும் உள்ளவரை என்பது அக்கட்டளைகளின் காலவரையறை. அதுவரை செலவழியப்போவது பொலிசைதான், முதல் அன்று.

பணத்தைக் காட்டிலும் ஆடு இதனை இன்னும் தெளிவாக விளக்கும். கோயிலில் அணையாது எரியும் நந்தா விளக்கு ஒன்றுக்கு 96 ஆடுகளை இடையரிடம் ஒப்படைப்பது வழக்கம். அவர் நாளொன்றுக்கு ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். அவ்வாடுகளுக்குக் கல்வெட்டுகள் தரும் பெயர் ‘சாவா மூவாப் பேராடு’. சாகாத, மூப்படையாத ஆடு உலகில் உண்டா? தனி ஆடு சாகும். ஆனால் குட்டிகள் அதன் இடத்தை நிரப்பும். 96 என்னும் எண் சாகாது. சட்டம் பேசும் தொடர் இது. எந்த ஆடு என்பது பொருட்டன்று, எண்ணிக்கை குறையலாகாது என்பதே உடன்பாடு. அறக்கொடைச் சட்டநூல்கள் பத்துப் பக்கத்தில் விளக்கும் கருத்தை மூன்று சொற்களில் அடக்கிய அந்த ஓலைநாயகத்தாரை நாம் வணங்கத்தான் வேண்டும். கணக்கெழுதும் ‘பேரேடு’ ஓர் உயிர்க்குறியின் அளவே இந்தப் ‘பேராடு’ என்பதிலிருந்து வேறுபடுகின்றது என்பதையும் இடையே சொல்லி வைக்கின்றோம். வேரளவில் இரண்டுக்கும் தொடர்பில்லை.

இனித் தஞ்சையை விட்டு நம் தீவுக்கு வருவோம். இங்கே தமிழர் முதலை ஆடாகவோ காசாகவோ வைக்கவில்லை, நிலமாக வைத்தனர். ஜார்ஜ் டவுனின் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் நாமறிந்த நல்ல எடுத்துக்காட்டு. சோழமண்டலக் கரையிலிருந்து வந்த தமிழ் முஸ்லிம் வணிகரும் தம் மக்களின் தலைவருமாகிய காதர் முகைதீன் காலத்தில், 1801-இல், துணைநிலை ஆளுநர் ஜார்ஜ் லீத் அப்பள்ளிக்கென 18 ஏக்கர் நிலத்தை அளித்தார். ஊரின் நடுவே 18 ஏக்கர்! பள்ளிவாசலின் கட்டடம் அந்நிலத்தின் ஒரு சிறு பகுதி. ஏனையது வருவாய் தரும் முதல். வக்ஃபு என்னும் அரபுச் சொல்லுக்கு நிறுத்தி வைத்தல் என்பது பொருள். விற்பனையினின்றும் வாரிசுரிமையினின்றும் நிறுத்தி வைக்கப்பட்ட உடைமை அது. சாவா மூவாப் பேராட்டின் மற்றோர் உருவம் என்று கொள்வதில் தவறில்லை.

ஆயினும் ஒரு நூற்றாண்டுக்குள் நிலைமை மாறியது. தலைமுறைகள் கடந்தன. நிலங்களை ஆண்டவர் யாருக்குக் கணக்குக் காட்ட வேண்டும் என்பது தெளிவற்றுப் போயிற்று. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் அறக்கொடை நிருவாகம் பற்றிய முறையீடுகள் பெருகவே, நீரிணைக் குடியேற்ற அரசு 1905-இல் முகம்மதிய இந்து அறக்கொடைச் சட்டத்தை இயற்றியது. மறு ஆண்டில் வாரியம் அமைந்தது. இன்று நாம் அறியும் பினாங்கு இந்து அறப்பணி வாரியத்தின் தொடக்கம் அச்சட்டமே. 1910-ஐ ஒட்டிப் பள்ளிவாசல் விரிவுபடுத்திக் கட்டப்பட்டு, இன்று காணும் தோற்றத்தின் பெரும்பகுதியைப் பெற்றது. வெள்ளையர் அரசு வந்து காப்பாற்றியது என்னும் கதையாக இதை நாம் சொல்லவில்லை. அயலார் ஒருவர் வந்து எது முதல், எது வருவாய் என்று பிரித்தெழுத வேண்டிய நிலை ஏன் வந்தது என்பதே நம் வினா.

நிலத்துக்கும் ஓர் இடர் உண்டு என்பதைப் பிற்காலம் காட்டிற்று. 1966-ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம், 1948 சனவரி இறுதிக்குமுன் கட்டப்பட்ட கட்டடங்களின் வாடகையை உறைய வைத்தது. பழைய கடைவீடுகள் நிறைந்த ஜார்ஜ் டவுனைப் போல் அச்சட்டத்தை உணர்ந்த ஊர் இந்நாட்டில் வேறில்லை. குடியிருந்த ஏழைகளுக்கு அது பெரும் பாதுகாப்பு, அதில் ஐயமில்லை. ஆனால் கடைவீட்டு வாடகையை நம்பியிருந்த அறக்கட்டளைகளின் ஐந்தொகையில் சொத்தின் மதிப்பு ஏற ஏற, கையில் வந்த வாடகை அப்படியே நின்றது. கூரை மாற்றவும் அது போதவில்லை. 1999-ஆம் ஆண்டு முடிவில் கட்டுப்பாடு நீங்கியது. 2008-இல் நகரம் உலக மரபுடைமைப் பட்டியலில் இடம்பெற்றது. உறைந்திருந்த வாடகைகள் சில ஆண்டுகளில் பன்மடங்காயின. ஒரே கட்டடம், ஒரே முதல். பொலிசை மட்டும் ஒரு தலைமுறைக்கு இல்லை, அடுத்த தலைமுறைக்கு வெள்ளமாக வந்தது. முதல் பெரிதாக இருப்பதும் அது பொலிவதும் வெவ்வேறு என்பதற்கு இதனினும் தெளிவான பாடம் வேண்டியதில்லை.

நம் சிறு சங்கங்களுக்கு நிலமில்லை, கடைவீடுமில்லை. ஒரு நடப்புக் கணக்கு, ஒரு நிரந்தர வைப்பு, அவ்வளவே. இருப்பினும் அதே குழப்பம் சிறிய அளவில் இங்கும் நிகழ்கின்றது. எண்களை வைத்துப் பார்த்தால் விளங்கும். ஒரு சங்கத்தின் வங்கியிருப்பு 60,000 ரிங்கிட் என்று கொள்வோம். ஆண்டுச் செலவு 30,000. கேட்போர் இரண்டாண்டுக்குக் கவலையில்லை என்று மகிழ்வர். பிரித்துப் பார்ப்போம். அதில் 25,000, சிறுவர் நூல் வெளியிடுவதற்கென்றே கிடைத்த மானியம், வேறெதற்கும் தொடலாகாது. 10,000, மறைந்த உறுப்பினர் ஒருவரின் குடும்பம் ஆண்டுதோறும் கட்டுரைப் போட்டிப் பரிசு வழங்குவதற்காக வைத்த முதல். அதன் வட்டி மட்டுமே சங்கத்துக்கு உரியது. 5,000, அச்சகத்துக்கும் மண்டபத்துக்கும் செலுத்த வேண்டிய நிலுவை. எஞ்சுவது 20,000. அதுவே உண்மையான சேமநிதி. எட்டு மாதத்துக்குப் போதும்.

சேமம் என்னும் சொல்லையும் ஒரு நொடி நோக்குக. வடமொழியின் ‘க்ஷேமம்’ தமிழில் சேமமாயிற்று. ‘யோகம்’ என்பது இல்லாததை ஈட்டல். ‘க்ஷேமம்’ என்பது உள்ளதைக் காத்தல். ஊழியர் சேமநிதி என்னும் வழக்கால் மலேசியத் தமிழர் அனைவரும் அறிந்த சொல் இது. ஆயினும் தம் சங்கத்துக்கு அதை வழங்குவோர் சிலரே. சங்கங்களில் ‘சேமிப்பு’ என்கின்றனர். சேமிப்பு என்பது செலவு போக மிஞ்சியது, தற்செயலாகவும் அமையலாம். சேமநிதி என்பது இவ்வளவு வேண்டும் என்று முன்னரே முடிவு செய்து காப்பது. சில மாதச் செலவுக்கு ஈடான தொகையைச் சேமநிதியாக வைப்பது உலகெங்கும் சிறு அறநிறுவனங்களில் காணும் நெறி. எத்தனை மாதம் என்பதை அந்தந்தச் சங்கமே தன் வருவாயின் உறுதியைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும். சந்தாவால் வாழும் சங்கத்துக்குக் குறைவாகவும், ஆண்டுக்கு ஒரே ஒரு விருந்து நிகழ்ச்சியால் வாழும் சங்கத்துக்கு மிகுதியாகவும் தேவைப்படும்.

சொல் வழுவினால் பொருள் வழுவுவதை நாம் கண்ணாரக் கண்டதுண்டு. ஒரு சங்கத்தார் தம் பழைய கூட்டக் குறிப்புகளைத் தொகுத்து வெளியிட விரும்பி, மொழிநடையைத் திருத்தித் தருமாறு நம்மிடம் ஒப்படைத்தனர். ஏறத்தாழ முப்பது ஆண்டுக் குறிப்புகள், நல்ல கையெழுத்து. தொடக்கத்தில் ஒரு தொகை ‘பரிசுக் கட்டளை முதல்’ என்று குறிக்கப்பட்டிருந்தது. சில ஆண்டுகளில் செயலாளர் மாறினார். அது ‘கட்டளைப் பணம்’ ஆயிற்று. பின்னர் ‘பரிசுப் பணம்’. அதன்பின் ‘வைப்புத்தொகை’. வைப்புத்தொகை என்பது பணம் எங்கே இருக்கின்றது என்று சொல்கின்றதேயன்றி யாருக்கு உரியது என்று சொல்வதில்லை. அடுத்த பொருளாளர் அதனைச் ‘சேமிப்பு’ என்றார். ஓர் ஆண்டில் ஒலிபெருக்கி வாங்கவும் நாற்காலிகள் வாங்கவும் சேமிப்பிலிருந்து பணம் எடுக்க ஒருமனதாகத் தீர்மானம் நிறைவேறியது. பரிசு எப்போது நின்றது என்று எந்தக் குறிப்பிலும் இல்லை. ஒரு சென்னும் திருடப்படவில்லை. கணக்காய்வாளர் ஆண்டுதோறும் சரியெனக் கையொப்பமிட்டுள்ளார். கூட்டலும் கழித்தலும் சரியாகவே இருந்தன. சொற்பொருள் மாற்றத்துக்கு வகுப்பில் நாம் தந்துவந்த எடுத்துக்காட்டுகளுள் எதுவும் இவ்வளவு செலவு வைத்ததில்லை.

ஒருவரும் சொல்லை மாற்றாவிடினும் முதல் தேயும் வழி ஒன்று உண்டு. மேற்கண்ட 10,000 ரிங்கிட்டை மீண்டும் எடுத்துக்கொள்வோம். வட்டி 4 விழுக்காடாக இருந்தபோது ஆண்டுக்கு 400 கிடைத்தது. பரிசு 300, மீதி 100. இந்த 100-ஐப் பொதுச்செலவில் சேர்ப்பதே பெரும்பாலோர் வழக்கம். அஃது ஆட்டுக்குட்டியை விற்றுத் தின்பதற்கு ஒப்பாகும். விலைவாசி ஆண்டுக்கு 3 விழுக்காடு ஏறினால், சுமார் 24 ஆண்டுகளில் பணத்தின் வாங்கும் திறன் பாதியாகிவிடும். ஏட்டில் 10,000 அப்படியே இருக்கும். கொடையாளர் கருதிய பரிசு பாதியாகியிருக்கும். ஆடு தானே பெருகியது, காசு பெருகுவதில்லை. ஆகவே வட்டியின் ஒரு பகுதியைத் திரும்ப முதலிலேயே சேர்த்தால்தான் அது மூவா முதலாகும்.

வட்டியும் நிலையானதன்று. 2020 சூலையில் பேங்க் நெகாரா தன் அடிப்படை வட்டி வீதத்தை 1.75 விழுக்காடாகக் குறைத்தது. 2022 மே வரை அந்நிலையே நீடித்தது. நம் எடுத்துக்காட்டில் வட்டி 2 விழுக்காடானால் கிடைப்பது 200. பரிசுக்கு 100 குறையும். அதே காலத்தில், 2020 மார்ச் 18-இல் தொடங்கிய நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணையால் விருந்து, நாடகம், நூல் வெளியீடு ஆகிய வருவாய்களும் நின்றன. வாடகையும் பணியாளர் ஊதியமும் நிற்கவில்லை. அந்த ஈராண்டில், தம் இருப்பைப் பிரித்தறிந்திருந்த சங்கங்கள் எதைத் தொடலாம், எதைத் தொடலாகாது என்று ஒரு கூட்டத்திலேயே முடிவு செய்யக்கூடியனவாக இருந்தன. பிரித்தறியாதவை இருந்த ஒரே எண்ணிலிருந்து எடுத்துக்கொண்டே சென்றன.

இவ்வளவு சொன்னபின் மறுபுறத்தையும் சொல்லாவிடில் குறையாகும். காப்பதிலேயே கருத்தாக இருந்து, ஆண்டுக்கு ஒரு பொங்கல் விழாவும் ஒரு பொதுக்கூட்டமும் அன்றி வேறொன்றும் செய்யாமல், வங்கிப் புத்தகம் தடிப்பதைக் கண்டு மகிழும் சங்கங்களும் உள்ளன. பூதம் காத்த புதையல் என்று நம் பாட்டிமார் சொல்வது இதனைத்தான். எல்லாப் பணமும் முதலாக வேண்டியதில்லை. 1950-களில் ‘தமிழ் முரசு’ ஆசிரியர் கோ. சாரங்கபாணி, மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறையில் தமிழ் நூலகம் அமைப்பதற்காகத் ‘தமிழ் எங்கள் உயிர்’ என்னும் நிதியைத் திரட்டினார். தொழிலாளர்களும் சிறு வணிகர்களும் சிறு சிறு தொகையாகக் கொடுத்த பணம் அது. வட்டிக்கு வைப்பதற்காகத் திரட்டியதன்று. நூல்களாக மாறுவதற்குத் திரட்டியது. அத்துறையில் பயின்ற தலைமுறைகள் அதன் பயனை நுகர்ந்தன. முழுவதும் செலவாவதே அந்நிதியின் நோக்கமாதலால் செலவே அதன் நிறைவு.

ஹார்வர்டு பல்கலைக்கழகத் தமிழ் இருக்கை இதற்கு நேர்மாறானது. 60 இலட்சம் அமெரிக்க டாலர் இலக்கு. தமிழ்நாட்டு அரசு 10 கோடி ரூபாய் அளித்தது. உலகத் தமிழர் கொடைகளோடு 2018-இல் இலக்கு எட்டப்பட்டது. ஒரு பேராசிரியருக்கு இத்தனை பெரிய தொகையா என்று அப்போது வியந்தோர் பலர். இந்தப் பணத்தை அள்ளி எத்தனை தமிழ்ப் பள்ளிகளுக்குக் கொடுக்கலாம் என்று வாதிட்டோரும் உண்டு. அவ்வாதம் எளிதில் தள்ளத்தக்கதன்று. ஆனால் அத்தொகை ஊதியமாகக் கரைவதற்குரியதன்று. அதன் விளைவிலிருந்தே ஊதியம். 96 ஆடுகளும் ஓர் உழக்கு நெய்யும் என்னும் அதே கணக்கு. சாரங்கபாணியின் நிதியும் ஹார்வர்டின் நிதியும் இரண்டும் நேர்மையானவை, ஏனெனில் கொடுத்தவருக்குத் தாம் எதற்குக் கொடுக்கின்றோம் என்பது தெரியும்.

ஆகவே கட்டளை எழுதும்போது நான்கைந்து வரிகள் கூடுதலாக எழுதுவதில் சோம்பல் கூடாது. இத்தொகை முதலா, செலவுக்கா? முதலாயின் வட்டியில் எவ்வளவு பங்கு திரும்பச் சேரும்? வட்டி போதாத ஆண்டில் பரிசைக் குறைப்பதா, நிறுத்துவதா? சங்கம் கலைந்தால் இம்முதல் எங்கே செல்லும்? கொடையாளர் உயிரோடிருக்கும்போது இவற்றைக் கேட்பது மரியாதைக் குறைவு என்று நம்மவர் கருதுகின்றனர். அவர் மறைந்தபின் அவர் பிள்ளைகளிடம் கேட்பது இன்னும் கடினம்.

முதல் கிடக்கும் இடத்தையும் மறக்கலாகாது. இந்நாட்டின் கோரப்படாத பணச் சட்டத்தின்படி, ஏழாண்டு இயக்கமின்றிக் கிடக்கும் வங்கிக் கணக்கின் பணம் அரசின் பதிவாளரிடம் சென்றுவிடும். உரியவர் சான்று காட்டித் திரும்பப் பெறலாம். ஆனால் கையொப்பமிடும் மூவரில் இருவர் மறைந்து, ஒருவர் ஆஸ்திரேலியாவில் மகளோடு இருக்கும் சங்கத்துக்குச் சான்று காட்டுவது எத்தகைய அலைச்சல் என்பதைப் பட்டவர் அறிவர். ஆண்டுக்கு ஒரு முறை கையொப்பதாரர் பட்டியலைப் பொதுக்கூட்டத்தில் படிப்பதற்கு இரண்டு நிமிடம் ஆகும்.

1966-ஆம் ஆண்டுச் சங்கங்கள் சட்டம், பொதுக்கூட்டம் நடந்த 60 நாளுக்குள் ஆண்டறிக்கையையும் கணக்கையும் பதிவகத்துக்கு அனுப்புமாறு கூறுகின்றது. பெரும்பாலான பொருளாளர்கள் மலாய்ப் படிவத்தை முதலில் நிரப்பிவிட்டு, அதையே தமிழாக்கி உறுப்பினர்க்குப் படிக்கின்றனர். இங்கே ஒரு சொல் காத்திருக்கின்றது. அரபு மூலத்திலிருந்து மலாய்க்கும் தமிழுக்கும் வெவ்வேறு வழியில் வந்த ‘பாக்கி’, மலாயில் எஞ்சி நிற்கும் இருப்பைக் குறிக்கும். தமிழில் பெரும்பாலும் இன்னும் கொடுபடாத நிலுவையைக் குறிக்கும். படிவத்தில் 60,000 ‘பாக்கி’ என்றிருப்பதை அப்படியே படித்தால், முன்வரிசை அதை இருப்பென்றும் பின்வரிசை கடனென்றும் கேட்கும். பொருளாளர் அவ்விடத்தில் சற்றே நின்று, நிலுவை இவ்வளவு, மானியம் இவ்வளவு, கட்டளை முதல் இவ்வளவு, சேமநிதி இவ்வளவு என்று நான்கையும் தனித்தனியே படிக்கலாம். தேநீர் ஆறிப்போகும் அளவுக்கு அது நேரம் பிடிக்காது.